மெஷினுக்கு விபூதி வைத்த கதை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சிம்பாங் அம்பாட்டில் நான் வேலை பார்க்கும் கையுறைத் தொழிற்சாலையில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அந்த வாயை வைத்துக்கொண்டு ஒரு நல்ல மனிதரின் பிழைப்பில் மண்ணள்ளிப் போடப் பார்த்தேன். பழியை மெஷின்மேல் தள்ளிவிட்டுத் தப்பிக்க ஆசைதான். ஆனால் தப்பு என்னுடையது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதிர்க்கரைத் தீவில், ஜார்ஜ்டவுனில் என் வீடு. தினமும் காலையில் கடல் பாலத்தைத் தாண்டி, ஜாமில் நின்று, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வேலைக்குப் போவேன். அங்கே என் பொறுப்பு, கையுறைகளின் மேல்தோலைச் சோதிப்பது. இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சொந்தக்காரர் ஒருவர், "அதுல பார்க்க என்னம்மா இருக்கு, கிழிஞ்சிருக்கா இல்லையான்னுதானே?" என்று கேட்டார். அவருக்கு அரைமணி நேரம் விளக்கினேன். பிறகு அவர் என்னிடம் வேலையைப் பற்றிக் கேட்பதே இல்லை.

உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரப்பர் பால் பார்க்க வெறும் பால் மாதிரிதான் இருக்கும். ஆனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ரப்பர் உருண்டைகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. ஒவ்வோர் உருண்டையும் புரதத்தையும் சோப்பையும் மேலே போர்த்திக்கொண்டிருப்பதால், ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் மரியாதையாக விலகி நிற்கும். கூழ்மம் என்பது இதைத்தான். பீங்கானால் செய்த கை ஒன்றைக் கால்சியம் கரைசலில் முக்கி, பிறகு அந்தப் பாலில் முக்கினால், உருண்டைகளின் போர்வை கலைந்துவிடும். எல்லாம் சேர்ந்து பீங்கான் கையைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் கையுறை. அது எளிதாகக் கழன்று வருவதற்காகக் கரைசலில் கொஞ்சம் சுண்ணாம்புக்கல் மாவும் சேர்ப்போம். கடைசியில் அந்த மாவை மிச்சமில்லாமல் கழுவிவிட வேண்டும். பெட்டியின்மேல் பவுடர் இல்லாதது என்று அச்சடித்துத்தானே விற்கிறோம்.

அந்தக் கழுவும் தொட்டிகளுக்குப் பொறுப்பு ஓர் அண்ணன். பைராம் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். இருபது வருடத்துக்கு மேல் அதே தொட்டிகளோடு குடும்பம் நடத்துகிறவர். அந்த வருடம் சூப்பர்வைசர் பதவி அவருக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவர் மட்டும் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார், கேட்டால் காது சிவக்கும்.

என் மெஷின் கண்ணாடி அறைக்குள் இருக்கிறது, கையுறைமேல் புகார் வந்தால்தான் அதற்கு வேலை. அது அகச்சிவப்பு ஒளியால் வேலை செய்யும். அந்த ஒளி ஒரு பொருள்மேல் பட்டால், அதன் மூலக்கூறுகள் தங்களுக்குப் பிடித்த அலைகளை மட்டும் எடுத்துக்கொண்டு குலுங்கும். எது எதை எடுத்துக்கொண்டது என்று மெஷின் திரையில் கோடு போட்டுக் காட்டும். புரதத்துக்கு ஓரிடத்தில் மேடு, பிளாஸ்டிக்குக்கு இன்னோரிடத்தில், சுண்ணாம்புக்கு வேறோரிடத்தில். மேசைமேல் ஒரு தட்டு, தட்டின் நடுவில் மிளகளவு வைரம். சோதிக்க வேண்டிய பொருளை அதன்மேல் வைத்து, மேலே இருக்கும் கரத்தைத் திருகி அழுத்தினால் போதும். ஒளி வைரத்துக்குள் ஓடி, பொருளின் மேல்தோலை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்பும். ஆழமாகப் பார்க்கிற குணமே அதற்குக் கிடையாது. இந்த விஷயத்தில் நானும் அதுவும் ஒரே ரகம்.

கையுறை இல்லாத நேரத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் அந்த வைரத்தின்மேல் வைப்பது என் பொழுதுபோக்கு. எங்கள் தர நிர்வாகியை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். சீனர், நல்ல மனிதர். ஒருநாள் அவருடைய புதிய தோல் பெல்ட்டை வாங்கி வைத்துப் பார்த்தேன். தோலில் இருக்க வேண்டிய புரதம் மருந்துக்கும் இல்லை, முழுக்க பிளாஸ்டிக். நாலு பேர் முன்னால், "மெஷின் பொய் சொல்லாது, பாஸ்," என்றேன். மறுநாள் முதல் அவர் அந்த பெல்ட்டைக் கட்டவில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை. அன்றிலிருந்து அந்த வாக்கியத்தைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை சொல்லாமல் நான் வீடு திரும்பியதில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் தொழிற்சாலையில் அதற்குத் தடை ஏதும் கிடையாது. பாஸுக்குச் சுண்டல் பிடிக்கும் என்பது ஒரு காரணம். அண்ணன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு தட்டில் விபூதி, சந்தனம், குங்குமத்தோடு பாய்லரிலிருந்து ஃபோர்க்லிஃப்ட் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு போனார். என் அறையைத் தாண்டிப் போகப் பார்த்தார். நான் விடவில்லை.

"அண்ணே, ஃபோர்க்லிஃப்டுக்கெல்லாம் வைக்கிறீங்க, என் மெஷின மட்டும் மறந்துட்டீங்களா?"

"கண்ணாடி ரூமுக்குள்ள இருக்கே தங்கச்சி. தொடலாமா கூடாதான்னு தெரியல லா."

"அதுவும் நம்ம கூடத்தானே வேல செய்யுது. வைங்க. நல்லா தூக்கலா வைங்க, போன மாசம் ரெண்டு தடவ மக்கர் பண்ணிருச்சு."

"எங்க வைக்கிறது?"

"இதான் நெத்தி மாதிரி இருக்கு," என்று அழுத்தும் கரத்தின் முன்பக்கத்தைக் காட்டினேன்.

அவர் விபூதியைத் தண்ணீரில் குழைத்து, மூன்று விரலால் பட்டையாக இழுத்தார். நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். என் மெஷின் கோயில் குருக்கள் மாதிரி பளிச்சென்று ஆகிவிட்டது. படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன், எல்லோரும் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்கள். அந்தப் பட்டையை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையில் அதற்கப்புறம் மெஷின் மக்கர் பண்ணவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, கையுறையில் வெள்ளைப் பொடி இருக்கிறது என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் புகார் அனுப்பினார். திருப்பி அனுப்பிய கையுறைகளை பாஸ் ஒரு பையில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒன்றை வெட்டி வைரத்தின்மேல் வைத்துக் கரத்தைத் திருகினேன். திரையில் சுண்ணாம்பின் மேடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்து நின்றது. இரண்டாவது துண்டிலும் அதே மேடு, மூன்றாவதிலும் அதே மேடு. இரண்டு மாதத்துக்கு முன் நான் சேமித்து வைத்திருந்த நல்ல கையுறையின் கோட்டைப் பக்கத்தில் போட்டு ஒப்பிட்டேன். அதில் சுண்ணாம்பு இல்லை.

அன்றைக்கே புதிதாக ஒரு நல்ல கையுறையை எடுத்து வைத்துப் பார்த்திருக்க வேண்டும். கல்லூரி முதல் வருடத்தில் சொல்லிக்கொடுக்கும் விதி அது. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவும் வேண்டும். நான் வாயால் ஊதிவிட்டு அடுத்ததை வைக்கிற ரகம். சுண்ணாம்புக்குப் பக்கத்தில் அகலமாக இன்னொரு மேடும் இருந்தது. குற்றவாளி அகப்பட்டுவிட்ட சந்தோஷத்தில் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"நிச்சயமா?" என்று பாஸ் கேட்டார்.

"மெஷின் பொய் சொல்லாது, பாஸ்."

கழுவியது போதவில்லை என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அந்தக் கையுறைகள் எந்தத் தொட்டியில், யார் ஷிப்டில் கழுவப்பட்டன என்று பார்த்தால், அது அண்ணனின் ஷிப்ட். மறுநாளே அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது. பத்து நாளில் விசாரணை என்று அதில் இருந்தது. சூப்பர்வைசர் பேச்சு நின்றுபோனது.

அன்று மதியம் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், கண்ணாடி அறை என்றால் அவருக்கு அப்படியொரு மரியாதை.

"தங்கச்சி, அது சுண்ணாம்புதானா?"

திரையைத் திருப்பி மேட்டைக் காட்டினேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில் பெருமையாகவும் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. "மெஷின் பொய் சொல்லாதுண்ணே," என்றேன்.

அவர் அந்த மேட்டையே வெகுநேரம் பார்த்தார். "நான் கழுவுனேனே," என்றார். அதை என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, அவரையே அவர் கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் அவர் தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தார். தொட்டியின் ஓரத்தை விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதை இரண்டு மூன்று முறை கண்டேன். பார்த்துவிட்டு மறுபடியும் கழுவுவார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு நடந்தேன்.

விசாரணை திங்கட்கிழமை. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, பணியாளர் பிரிவில் வேலை செய்யும் அக்கா என்னிடம் வந்தார். அண்ணனுக்குப் போன கடிதத்தைத் தட்டச்சு செய்தவரும் அவர்தான். ஆனால் அவர் வந்தது அதற்காக இல்லை. தீபாவளிக்கு அவருடைய கணவர் லிட்டில் இந்தியாவில் பட்டுச்சேலை வாங்கி வந்திருந்தார். கடைக்காரர் அசல் பட்டு என்று சத்தியம் பண்ணாத குறையாம். அக்காவுக்குக் கடைக்காரர்மேலும் சந்தேகம், கணவர்மேலும் சந்தேகம். முந்தானை ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"யாருகிட்டயும் சொல்லிடாத மா. பட்டா, ப்ளாஸ்டிக்கான்னு மட்டும் பாரு."

நூலைச் சுருட்டி வைத்துத் திருகினேன். பட்டுப் புரதத்தின் இரண்டு மேடுகளும் வரிசையாக வந்தன. அக்காவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி, கணவரைப் பத்து நாளாகத் திட்டியதை அங்கேயே மன்னித்துவிட்டார். நான்தான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பட்டுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது.

"அக்கா, இந்தச் சேலைய நம்ம தொட்டியில முக்கி எடுத்தீங்களா?"

"என்னம்மா ஒளர்ற?"

என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி வைத்தேன். அதிலும் சுண்ணாம்பு. எதுவுமே வைக்காமல் கரத்தைச் சும்மா ஏற்றி இறக்கிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் சுண்ணாம்பு. கைபேசி விளக்கைப் போட்டுத் தட்டைப் பார்த்தேன். வைரத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் தூள் கிடந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தேன். என் மெஷின் நெற்றிப் பட்டையோடு சாந்தமாக நின்றது. அடிப்பட்டையில் பாதியைக் காணோம்.

காய்ந்துபோன விபூதி, ஒவ்வொரு முறை திருகும்போதும் உதிர்ந்து தட்டில் விழுந்திருக்கிறது. அதன்மேல் அடுத்த பொருளை நான் வைத்திருக்கிறேன். காலையில் ஒரே ஒருமுறை தட்டைத் துடைத்து, ஒப்பிடுவதற்காக வெறும் வைரத்தைப் பதிவு செய்யும்போது கரம் அசையாமல் மேலே இருக்கும், அதனால் அப்போது மட்டும் எல்லாம் சுத்தமாகத் தெரிந்திருக்கிறது.

சந்தேகமே வேண்டாம் என்று பட்டையைக் கொஞ்சம் சுரண்டி வைத்தேன். பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி, அப்பட்டமான சுண்ணாம்புக்கல் மாவு. அண்ணன் கொண்டுவந்த பாக்கெட்டில் சுத்தமான பசுஞ்சாண விபூதி என்று எழுதியிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பக்கம் பசு தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

"அக்கா, விபூதி," என்றேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வெடித்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். பிறகு அந்தக் கடிதம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு பாதியில் நின்றது. "ஐயோ, பாவம் அந்த மனுஷன்," என்றார்.

அக்கா போனதும் ஸ்பிரிட்டைப் போட்டு மெஷினின் நெற்றியை அழுத்தித் துடைத்தேன். சாமி குத்தமாகிவிடுமோ என்று ஒரு பயம் வரத்தான் செய்தது, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். புகார் வந்த கையுறையைத் திரும்ப வைத்துப் பார்த்தால், சுண்ணாம்பு பொட்டுக்கூட இல்லை. நான் கண்டுகொள்ளாமல் விட்ட அந்த அகலமான மேடு மட்டும் தனியாக நின்றது. அது காகிதத்தின் மேடு. கையுறைகளை அடைக்கப் புதிதாக வாங்கிய அட்டைப் பெட்டியிலிருந்து உதிர்ந்த நார்த்தூள்தான் வாடிக்கையாளர் பார்த்த வெள்ளைப் பொடி. அண்ணன் ஒழுங்காகத்தான் கழுவியிருக்கிறார்.

சனிக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போய் நாலு கடையில் நாலு வகை விபூதி வாங்கினேன். எதற்கு என்று கேட்டால், உண்மையில் வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. ஒரு கடையில், "அண்ணே, இது சாணமா, சுண்ணாம்பா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நெத்தியில வைக்கிறதுக்கு இதெல்லாமா மா கேட்பாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். நெற்றியில் வைக்க வேண்டியதை மெஷினில் வைக்கச் சொன்னவளிடம் கேட்க வேண்டிய கேள்வி.

ஞாயிறு முழுக்க ஒரு குறுக்கு வழியை யோசித்தேன். மறுசோதனையில் சுண்ணாம்பு இல்லை, பொடி அட்டைப் பெட்டியிலிருந்து வந்திருக்கலாம் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாம். விபூதிப் பேச்சையே எடுக்க வேண்டியதில்லை. அண்ணன் தப்பித்துவிடுவார், என் மானமும் தப்பிக்கும். அப்படியே எழுதி, திங்கட்கிழமை காலையில் கூட்ட அறையில் பாஸிடம் நீட்டினேன். எதிரே அண்ணன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பக்கத்தில் அக்கா.

பாஸ் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "ஒரு தடவ இருக்கு, ஒரு தடவ இல்ல. அப்ப உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது லா," என்றார். "சரி, தண்டன வேண்டாம். லெட்டர் ஃபைல்லயே இருக்கட்டும். சூப்பர்வைசர் வேலைக்கு வேற ஆளப் பார்ப்போம்."

அண்ணன் சரியென்று தலையை ஆட்டினார். மேசைக்கு அடியில் அக்கா என் காலை மிதித்தார். நல்ல கனமான செருப்பு. அவர் மிதிக்காவிட்டாலும் நான் சொல்லியிருப்பேன் என்று நம்ப எனக்கு ஆசை.

"பாஸ், அது விபூதி," என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வாயால் ஊதியது, பழைய கையுறையின் கோட்டை வைத்து ஒப்பிட்டது, எதையும் விடவில்லை. வாய் நீளமாக இருப்பதில் ஒரு நன்மை, ஆரம்பித்தால் பாதியில் நிற்காது. பாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மெஷின்ல யார் வெச்சது?"

"நான்தான் பாஸ்," என்று அண்ணன் உடனே எழுந்தார்.

"நான்தான் வைக்கச் சொன்னேன்," என்றேன். "நல்லா தூக்கலா வைக்கச் சொன்னேன்."

பாஸ் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். அவருடைய கம்ப்யூட்டர்மேல், சீனக் கோயிலிலிருந்து வாங்கிவந்து தாயத்து மாதிரி அவரே ஒட்டிய மஞ்சள் தாள் ஒன்று உண்டு, சிவப்பு மையில் எழுத்து. அது அவருக்கு நினைவு வந்திருக்கலாம். "அடுத்த வருஷம் பின்பக்கம் வைங்க," என்றார். அண்ணனின் கடிதத்தை ஃபைலிலிருந்து உருவி அக்காவிடம் கொடுத்து, கிழித்துப் போடச் சொன்னார். சூப்பர்வைசர் பதவி பழையபடி அவருக்கே என்றார். பிறகு என்னைப் பார்த்து, எனக்கும் ஒரு கடிதம் வரும் என்றார். வந்தது. அதையும் அக்காதான் தட்டச்சு செய்தார், ஓர் எழுத்துப் பிழை இல்லாமல்.

வெளியே வந்ததும் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். விசாரணையில் கொடுப்பதற்காக மலாயில் எழுதிய பதில் அது. கழுவியதாகத்தான் நினைத்தேன், வயதாவதால் மறந்திருக்கலாம், மன்னிக்கவும் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"ஏண்ணே இப்படி எழுதுனீங்க? நீங்கதான் கழுவுனீங்களே."

"கழுவுன மாதிரிதான் இருந்துச்சு. மெஷின் பொய் சொல்லாதுன்னு நீ சொன்ன. அப்ப நான்தானே மறந்திருக்கணும்?"

வாழ்க்கையில் எனக்கு வாய் அடைத்துப்போன ஒரே சமயம் அதுதான்.

"வீட்ல சம்சாரத்துகிட்டயும் சொல்லிட்டேன், எனக்கு மறதி வந்துருச்சு போலன்னு. அதுலேர்ந்து நான் வாசல் கேட்டப் பூட்டுனா, அவ பின்னாடியே போயி இழுத்துப் பார்க்கிறா. அடுப்ப அடைச்சா வந்து பார்க்கிறா. ஒண்ணும் சொல்லமாட்டா. சும்மா பார்ப்பா."

அந்தத் தாளைக் கிழித்துவிடுகிறேன், கொடுங்கள் என்று கேட்டேன். அவர் அதைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வேணாம் தங்கச்சி. இத அவகிட்ட காட்டி எல்லாத்தையும் சொல்லணும். இன்னைக்கு வாசல் கேட்ட நான் பூட்டுறேன், நீ எழுந்திரிக்காதன்னு சொல்லணும்."

சொல்லிவிட்டு, அரை நாள் லீவு கேட்பதற்காக ஆபீசுக்குள் திரும்பிப் போனார்.